அண்டைக்குப் புரைக்கேறினதே, தங்கச்சி!

அன்புடையீர்,

என் உயிரைத் திருப்பித் தந்தவர்கள் பலர். ஆளாளுக்கு வீடு தேடிப் போய்க் கையைப் பிடித்து நன்றி சொல்ல உடம்பில் இன்னும் தெம்பு வரவில்லை. பாதிப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அதனால்தான் இந்த மடல். நான் மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் வீட்டோடு தையல் மெஷின் வைத்துப் பிழைப்பவள், வயது 58.

போன ஆவணியில் என் மூத்த அண்ணன் இறந்த 31ஆம் நாள். சாப்பாடு முடிந்து பெண்கள் எல்லோரும் வெற்றிலைத் தட்டைச் சுற்றி இருந்தோம். சின்ன வயதில் அண்ணன் வாவியில் தோணியைக் கவிழ்த்துவிட்டு, அப்பாவுக்குப் பயந்து விடியும்வரை கோயில் மடத்தில் ஒளிந்திருந்த கதையைப் பெரியம்மா எடுத்துவிட்டா. ஒரு மாதமாக அழுத வாய் அன்றுதான் சிரித்தது. வாய்க்குள் அப்போதுதான் போட்ட பாக்கு. சிரித்த வேகத்தில் மூச்சை உள்ளே இழுத்தேன், புரைக்கேறிவிட்டது. கண் பிதுங்க இருமினேன். ஒருவர் தண்ணீரை நீட்டினார். இன்னொருவர் உச்சந்தலையில் தட்டி, "அண்ணன் நினைக்கிறாரு" என்றார். ஐந்து நிமிடத்தில் எல்லாம் அடங்கியது. நானும் மறந்துபோனேன்.

அப்படி அடங்கிப் போவதில்தான் வினை இருக்கிறதாம். மூச்சுக்குழாய்க்குள் போன துண்டு மேலே நிற்கும்வரைதான் உடம்பு போராடும். கீழே வழுகிப் போய் ஒரு கிளைக்குழாயில் பொருந்திவிட்டால் இருமல் ஓய்ந்துவிடும். நாள் கழித்து வேறு வருத்தம்போல் திரும்பி வரும்.

எனக்கு மாரி மழையோடு வந்தது. முதலில் வறட்டு இருமல், பிறகு சளி, பிறகு காய்ச்சல். அன்ரிபயோட்டிக் குடித்தால் பத்து நாள் சுகம், பிறகு அதே காய்ச்சல். இரவில் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டது. தொய்வு, அதுதான் ஆஸ்துமா, என்று மூச்சுக்கு இழுக்கிற பம்ப் தந்தார்கள். எக்ஸ்ரேயில் வலப்பக்கம் கீழே வெள்ளையாக இருக்கிறது, நியூமோனியா என்றார்கள். காசமாக இருக்குமோ என்று சளிச்சோதனையும் செய்தார்கள், அதில் ஒன்றுமில்லை. அந்த முடிவு வரும்வரை பேரப்பிள்ளையை என் மடிக்கு விடவில்லை. மருமகளில் எனக்கு ஒரு குறையும் இல்லை, தாய் என்றால் பயப்படத்தான் செய்வாள். மருந்து தந்தவர்களையும் குறை சொல்ல மாட்டேன். பாக்கு எக்ஸ்ரேயில் தெரியாது. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

தை மாதத்து ஒரு நடுச்சாமம், இருமியபோது கைலேஞ்சியில் இரத்தம். மகன் அம்புலன்ஸ் நம்பர் 1990க்கு அடித்தான். அந்த அம்புலன்ஸில் வந்த தம்பிமார் இருவருக்கும் என் முதல் நன்றி. ஒக்சிசன் முகமூடியை மாட்டிவிட்டு, காத்தான்குடி தாண்டி, கல்லடிப் பாலம் ஏறி இறங்கும்வரை ஒரு தம்பி என் கையை விடவே இல்லை. ஒரு சதம் வாங்கவில்லை.

பெரியாஸ்பத்திரி வோட்டில் காலையில் வந்த இளம் டொக்டர் என் முதுகில் குழாயை வைத்து, மாறி மாறி இரண்டு பக்கமும் கேட்டார். வலப்பக்கம் மட்டும் நிறைய நேரம் கேட்டார். "அம்மா, தொய்வு என்றால் ரெண்டு பக்கமும் விசிலடிக்கும். உங்களுக்கு ஒரு பக்கம்தான் அடிக்குது. சாப்பிடும்போது எப்பவாவது புரைக்கேறினதா?" என்றார். ஐந்து மாதத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர். நான் இல்லை என்றேன். பின்னேரம் வந்து மறுபடி கேட்டார். அப்போதும் இல்லை என்றேன். மறைக்கவில்லை, உண்மையாகவே ஞாபகம் இல்லை.

அடுத்த நாள் பார்வை நேரத்தில் நான் ராத்தா (அக்கா) என்று கூப்பிடும் காத்தான்குடிக்காரி இடியப்பமும் சொதியும் கொண்டு வந்தா. முப்பது வருடமாக அவட வீட்டு உடுப்பெல்லாம் என் மெஷினில்தான். டொக்டர் இப்படி ஒரு கேள்வி கேட்கிறார் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். ராத்தாவின் கை அப்படியே நின்றது. "அண்டைக்கு அண்ணன்ட முப்பத்தொண்டுக்குப் புரைக்கேறினதே, தங்கச்சி! நான்தானே தலையில தட்டின" என்றா. சொல்லிவிட்டு இடியப்பத்தைக் கட்டிலில் வைத்தபடியே மிஸ்ஸியை, அதுதான் தாதியை, தேடி ஓடினா.

அதன் பிறகு எல்லாம் விறுவிறுவென்று நடந்தது. டொக்டர் கடதாசியின் பின்பக்கம் கீறிக் காட்டினார். மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கத்துக் கிளை இடதைவிட அகலம், நீளம் குறைவு, நேராகவும் இறங்குகிறது. அதனால் பெரியவர்களுக்குத் தவறிப் போகும் பொருள் பெரும்பாலும் வலது பக்கம்தான் விழுமாம். எலும்புத் துண்டு, பொய்ப்பல், பல்லுக்கிடையில் கடித்துப் பிடிக்கும் ஊசி, இப்படி எதுவும் போகலாம் என்றார். குழாய்க்குள் கமரா விட வேண்டும் என்றதும் நான் அழுதுவிட்டேன். அவர் என் கட்டில் விளிம்பில் இருந்து, 1897இல் ஜெர்மனியில் குஸ்டாவ் கிலியன் என்ற வைத்தியர் ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயிலிருந்து எலும்புத் துண்டை எடுத்த கதையைச் சொன்னார். அன்று விட்டது வளையாத இரும்புக் குழாய். வளைந்து கொடுக்கும் கமராக் குழாயை 1960களில் ஜப்பானில் ஷிகெட்டோ இக்கேதா என்பவர் உண்டாக்கியிருக்கிறார். என் நெஞ்சுக்குள் இறங்கியது அந்த வகைதான். முகம் தெரியாத அந்த இருவருக்கும் இந்த மடலில் ஒரு வணக்கம்.

முதல் தடவை வரவில்லை. பாக்கைச் சுற்றிச் சதை வளர்ந்து மூடியிருந்ததாம், தொட்டால் இரத்தம். வீக்கம் வற்ற நாலு நாள் மருந்து தந்து மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். தொண்டைக்கு அடித்த மருந்தின் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. விழுங்க வராது, கத்த வராது. அந்த நேரம் தலைமாட்டில் நின்ற சிங்கள மிஸ்ஸி, தனக்குத் தெரிந்த தமிழில், "பயம் வேணாம் அம்மா, மூச்சு மெதுவா, நான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தா. மிஸ்ஸி, உங்கள் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். அந்தக் குரல் இல்லாவிட்டால் நான் குழாயைப் பிடுங்கியிருப்பேன்.

சின்னப் போத்தலில் போட்டுக் காட்டினார்கள். சிறுவிரல் நகமளவு பிறைத்துண்டு, கறுத்துப் போயிருந்தது, பாக்கின் வரிகள் மட்டும் அழியாமல் தெரிந்தன. அண்ணனின் கதைக்குச் சிரித்த அந்த நாள் முழுக்க அதற்குள் இருந்ததுபோல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு விடும்போது வோட்டு மிஸ்ஸிமார் என் மருமகளைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். புரைக்கேறியவர் சத்தமாக இருமினால் இருமவே விடுங்கள். தண்ணீர் கொடுக்க வேண்டாம், வாய்க்குள் விரலை விட்டுத் துழாவ வேண்டாம். சத்தம் வராமல், மூச்சு எடுக்க முடியாமல் தொண்டையைப் பிடித்தால் மட்டும், முன்பக்கம் குனிய வைத்து இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கை அடியால் 5 தடவை பலமாக அடியுங்கள். வெளியே வராவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து உள்ளுக்கும் மேலுக்குமாக 5 தடவை அமுக்குங்கள். மாறி மாறிச் செய்துகொண்டே 1990க்குச் சொல்லுங்கள். இருமல் அடங்கிவிட்டாலும், இன்ன நாள் புரைக்கேறியது என்று வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மெஷினில் இருக்கும்போது உதட்டில் குண்டூசி கடிக்கும் பழக்கம் எனக்கு நாற்பது வருடமாக இருந்தது. இப்போது ஊசி எல்லாம் பஞ்சுப் பொட்டணத்தில். ராத்தாவின் பேத்திமார் முக்காட்டு ஊசியை வாயில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பார்கள். அவர்களிடமும் சொல்லிவிட்டேன்.

என் பக்கத்துக் கட்டிலில் இருந்து எனக்காக இரவெல்லாம் விழித்த களுவாஞ்சிகுடி அம்மாவுக்கும், வோட்டைக் கூட்டித் துடைத்த பிள்ளைகளுக்கும், என் தையல் வேலையைப் பகிர்ந்து முடித்துக் கொடுத்த எங்கள் தெருப் பெண்களுக்கும், அந்தக் கேள்வியை இரண்டாம் தரமும் கேட்ட டொக்டருக்கும் என் நன்றி.

ராத்தா, சின்னப் பேத்திக்குச் சட்டை தைக்க நீங்கள் தந்த பூப்போட்ட சீத்தை ஆவணியிலிருந்து என் மெஷின் மேலேயே கிடக்கிறது. பிள்ளை வளர்ந்திருப்பாள், அளவு எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு வாருங்கள். கூலி என்று கையை நீட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஆரையம்பதியிலிருந்து உங்கள் தங்கச்சி