குவியத்தில் இல்லாத கருந்துளை

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பின படம் கிடைத்தது. பால்வீதி மையத்துக் கருந்துளையைச் சுற்றும் எஸ்2 நட்சத்திரத்தின் புள்ளிகளுக்கு ஊடாக நீள்வளையம் வடிவாய்த்தான் போகிறது. ஆனால் கருந்துளை அதன் குவியத்தில் இல்லையே, சுற்றப்படுவது குவியத்தில்தான் இருக்கும் என்ற கெப்ளர் என்ன ஆனார் என்று கேட்டிருக்கிறாய். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ வரைந்தது பாதையை அல்ல, வானத்தில் விழும் அதன் நிழலை. எஸ்2 சுற்றும் தளம் வானத்தளத்துக்கு, அதாவது நம் பார்வைக்குச் செங்குத்தான தளத்துக்கு, ஏறத்தாழ 46 பாகை சரிந்திருக்கிறது. சரிந்த நீள்வளையத்தின் நிழலும் நீள்வளையம்தான், ஆனால் குவியத்தின் நிழல் புது வளையத்தின் குவியத்தில் விழாது. ஆகவே கண்ணுக்குத் தெரிகிற வளையத்துக்குக் கோடு பொருத்தாதே. பாதையை முப்பரிமாணத்தில் கட்டி, சரித்து, அதற்குப் பிறகு புள்ளிகளோடு ஒப்பிடு.

கணினியை முடுக்க முதல் ஒரு கைக்கணக்குச் செய்து வை. அரைப் பேரச்சு, அதாவது வளையத்தின் நீளத்தில் பாதி, 0.125 விற்செக்கன் (ஒரு விற்செக்கன் பாகையின் 3,600-இல் ஒரு பங்கு), தூரம் 8,280 பார்செக் (ஒரு பார்செக் ஏறத்தாழ 3.26 ஒளியாண்டு). பெருக்கினால் 1,035 வானியல் அலகு, அதாவது பூமி–சூரியன் தூரத்தைப் போல் 1,035 மடங்கு. அதன் கனத்தை, சுற்றுக்காலமான 16.05 ஆண்டின் வர்க்கத்தால் வகுத்தால் 43 இலட்சம் சூரியத் திணிவு வரும். மையவகற்சித்திறன், அதாவது வளையம் எவ்வளவு நீண்டது என்ற அளவு, 0.884 என்பதால் மிகக் கிட்டப் போகும்போது இடைத்தூரம் 120 வானியல் அலகு, நெப்டியூன் சூரியனிலிருந்து இருக்கிற தூரத்தைப் போல் நாலு மடங்கு. அந்த இடத்தில் வேகம் செக்கனுக்கு 7,700 கி.மீ. அளவில். உன் நிரல் இதிலிருந்து எட்ட விலகினால் முதலில் அலகுகளைப் பார்.

இதில் தூரத்தை நானே தந்துவிட்டேன், கவனித்தாயா? இடப்புள்ளிகள் மட்டும் கையில் இருந்தால் திணிவு தூரத்தின் கனத்தோடு ஏறும். தூரத்தில் 1 சதவீதம் பிழைத்தால் திணிவில் 3 சதவீதம் பிழைக்கும். அந்த முடிச்சை அவிழ்ப்பது நிறமாலை, ஏனென்றால் வேகத்தால் கோடுகள் நகரும் டொப்ளர் பெயர்ச்சி நேராகக் கிலோமீற்றரில் பேசும். ஐதரசனின் பிராக்கெட் காமா கோடு 2.166 மைக்ரோமீற்றரில் இருக்க வேண்டியது. 2018 ஏப்ரலில் நட்சத்திரம் செக்கனுக்கு 4,000 கி.மீ. வேகத்தில் விலகியபோது அது 2.195 வரைக்கும் போனது. செப்டம்பரில் 2,000 கி.மீ. வேகத்தில் எங்கள் பக்கம் வந்தது. தொல்லை என்னவென்றால், சுற்றியுள்ள வாயுவும் இதே கோட்டில் ஒளிர்கிறது. பின்புலத்தைச் சரியாகக் கழிக்காவிட்டால் உறிஞ்சற்கோட்டின் ஒரு பக்கம் நிரம்பி வேகம் நகர்ந்துவிடும். 2.11-இல் உள்ள ஹீலியம் கோட்டோடு ஒத்துப்பார். பூமியின் 30 கி.மீ. வேகத்தையும் கழிக்க மறவாதே. 2018 மே மாதத்துக்கு அண்டிய புள்ளிகளில் ஐன்ஸ்டைனின் செம்பெயர்ச்சியே 200 கி.மீ.; அதைச் சேர்க்காமல் பொருத்தினால் அந்த இடத்தில் கோடு கட்டாயம் தவறும்.

எல்லாப் புள்ளிக்கும் ஒரே வழுவை (அளவீட்டுப் பிழை எல்லையை) போட்டிருக்கிறாய். அது கூடாது. நல்ல இரவிலும் காற்று ஒரு நட்சத்திரத்தை அரை விற்செக்கனுக்குக் கலக்கிவிடும், எஸ்2-இன் முழுப் பாதையின் நீளமே கால் விற்செக்கன். அதனால் 1992-இல் சிலியிலும் 1995-இல் ஹவாயின் கெக் தொலைகாட்டியிலும் தொடங்கியபோது மிகக் குறுகிய படங்களாக எடுத்து அடுக்கினார்கள். பிறகு வந்த, காற்றின் கலக்கத்தை உடனுக்குடன் திருத்தும் தகவமைவு ஒளியியலுக்கு வழிகாட்டி நட்சத்திரம் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இலட்சம் கோடியில் ஒரு பங்குதான் தூசியைத் தாண்டி வருகிறது, செங்கீழில் 2.2 மைக்ரோமீற்றரில் பத்தில் ஒன்று வரும். எனவே சிலியின் வி.எல்.டி. என்ற பெரும் தொலைகாட்டி செங்கீழில் பிரகாசமான ஐ.ஆர்.எஸ். 7 என்ற நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டது. கெக் 90 கி.மீ. உயரத்துச் சோடியம் படையில் லேசரால் பொய் நட்சத்திரம் ஏற்றியது.

இவ்வளவு செய்தும் 8.2 மீற்றர்த் தொலைகாட்டி பிரித்தறிவது 0.055 விற்செக்கன்தான். மிகக் கிட்டிய நேரத்தில் எஸ்2-க்கும் கருந்துளைக்கும் இடைவெளி 0.015 கூட இல்லை. 2018-இல் கிராவிட்டி கருவி நாலு தொலைகாட்டிகளைச் சேர்த்து இதைப் பிரித்தது. 2002-இல் அந்த வசதி கிடையாது. கருந்துளை ஓரத்து வாயு அவ்வப்போது செங்கீழில் பளிச்சிடும், அது எஸ்2-இன் ஒளியோடு கலந்து மையத்தைத் தன் பக்கம் இழுத்திருக்கலாம். 2002 புள்ளிகளுக்கு வழுவைப் பெரிதாக்கு, அல்லது விட்டுவிட்டும் ஒருமுறை ஓட்டிப் பார்.

எல்லாவற்றிலும் பொல்லாதது பூச்சியப் புள்ளி, அதாவது இடங்களை அளக்கத் தொடங்கும் புள்ளி. கருந்துளையின் இடம் வானொலியில் தெளிவு, செங்கீழில் பெரும்பாலும் மங்கல். சிலிக்கன் ஒட்சைட்டு மேசர் (லேசர் போன்ற வானொலி உமிழ்வு) உள்ள சில பெரும் செந்நட்சத்திரங்கள் இரண்டிலும் தெரிவதால், அவற்றை வைத்துத்தான் இரு படங்களையும் கோக்கிறார்கள். கோத்தாலும் ஆள்கூற்றுச் சட்டகம் மெல்ல நகரும். ஆகவே கருந்துளையின் இரு ஆள்கூறுகள், மூன்று வேகங்கள், திணிவு, தூரம் என ஏழு. எஸ்2-இன் பாதைக்கு ஆறு. மொத்தம் 13 பரமானங்களையும் (பொருத்தத்தில் மாறும் எண்களையும்) திறந்து விடு. கெக் தரவுக்கும் வி.எல்.டி. தரவுக்கும் தனித்தனிப் பூச்சியமும் நகர்வும் கொடு. நீ பூச்சியத்தைப் பூட்டி வைத்ததால்தான் வளையம் மூடவில்லை. அதை ஐன்ஸ்டைனின் சுழற்சி, அதாவது பாதையே மெல்லத் திரும்புவது, என்று பேராசிரியரிடம் சொல்லிவிடாதே. 2020-இல் அறிவித்த சுழற்சி ஒரு சுற்றுக்கு ஒரு பாகையின் ஐந்திலொன்றுதான்.

ஆனியில் வந்தால் நள்ளிரவில் கொட்டியாரக்குடாப் பக்கம் தெற்கே 52 பாகை உயரத்தில் கருந்துளை உள்ள இடம் நிற்கும். மூல நட்சத்திரத்துக்கு வடக்கே, தனுசின் அம்புமுனைக்கு மேற்கே நாலைந்து பாகை. சோளகக் காலம், வானம் வெளித்திருக்கும். ஆனால் எந்தத் தொலைகாட்டியை வைத்தாலும் எஸ்2 அங்கே கண்ணுக்குப் படாது, அதற்கென்று வராதே.

அடுத்த கடிதத்தோடு மிச்சங்களை (புள்ளிக்கும் பொருத்திய பாதைக்கும் உள்ள வித்தியாசங்களை) ஆண்டுவாரியாக, கெக் வேறு நிறம் வி.எல்.டி. வேறு நிறமாக வரைந்து அனுப்பு. ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் பூச்சியம் இன்னும் நகருகிறது.

அம்மா