ராடாரில் மட்டும் தெரிந்த படகு

ஐயா,

கடல் கண்காணிப்பில் ராணுவமும் சிவில் துறைகளும் இணைய வேண்டும் என்ற தங்கள் தலையங்கம் மிகச் சரி. ஆனால் தகவல் இரு பக்கமும் போக வேண்டும். சர்வதேசப் பயணம் போகும் சரக்குக் கப்பல்களில், 300 மொத்த டன்னும் (கிராஸ் டன்னேஜ்) அதற்கு மேலும் உள்ளவற்றுக்கே, கப்பலின் பெயரையும் இருப்பிடத்தையும் தானாகவே பிறருக்கு அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவி கட்டாயம், அதையும் அணைத்துவிட முடியும். ஓர் இரவு நான் கப்பலில் காவல் பார்த்தபோது, மூன்று மைலில் ராடாரில் ஒரு புள்ளி. ஏ.ஐ.எஸ். திரையிலோ ஒன்றுமில்லை. தொலைநோக்கியில் பார்த்தால், நிலா வெளிச்சத்தில் விளக்கே இல்லாத படகு! பதிவேட்டில் எழுதினேன்; அப்புறம் யாரும் அதைக் கேட்கவில்லை.

இத்தகைய தகவலை வணிகக் கப்பல்கள் உடனே அனுப்பவும், செயற்கைக்கோள் ராடாரில் கடற்படை காணும் எச்சரிக்கை அவற்றுக்குத் திரும்பி வரவும் ஒரே பொது மையம் அமைக்கலாம்.

– ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி