மணிக்கூட்டில் பன்னிரண்டு ஊர்

அன்பு மகளுக்கு,

அன்றைக்கு நீ போனில் "கேய்லி வரைபின் இணைப்பு" என்று தொடங்கினாய், அதோடு சிக்னல் போய்விட்டது. பிறகு நீ அனுப்பியதை வாசித்து, மூன்று இரவாகக் கொப்பியில் கீறிக்கொண்டிருக்கிறேன். லைற்றை நூர்க்கச் சொல்லி அம்மா ஏசுகிறா.

எனக்கு விளங்கினபடி, கூட்டம் (group) என்பது கூட்டல் மாதிரி ஒரு செய்கையோடு இருக்கிற உறுப்புகளின் தொகுதி. ஒவ்வோர் உறுப்பையும் ஓர் ஊராக வைத்து, தெரிந்தெடுத்த சில உறுப்புகளால் ஓர் ஊரிலிருந்து போகக்கூடிய ஊர்களுக்கு ரோட்டுக் கீறினால் அந்தப் படம்தான் கேய்லி வரைபு. சுவர் மணிக்கூட்டின் பன்னிரண்டு இலக்கமும் எனக்குப் பன்னிரண்டு ஊர். 3 கூட்டலாம், கழிக்கலாம் என்று மட்டும் வைத்தால் 12, 3, 6, 9 தங்களுக்குள்ளேயே சுற்றும், 1 க்குப் போக வழியில்லை, வரைபு மூன்று துண்டு. 4 மட்டும் என்றால் நாலு துண்டு. இரண்டையும் சேர்த்தால் நாலு முன்னே, மூன்று பின்னே, ஒன்று கிடைத்துவிட்டது. ஒன்று கிடைத்தால் எல்லா ஊருக்கும் போகலாம். எடுத்த உறுப்புகள் கூட்டம் முழுவதையும் பிறப்பித்தால் வரைபு ஒரே துண்டு, இல்லாவிட்டால் உடைந்துதான் கிடக்கும். சரி, இது லேசு.

என்னை நித்திரை கொள்ள விடாதது மற்றது, ஒரே துண்டாக இருக்கிற வரைபைப் பிரிக்க எவ்வளவு வெட்டவேண்டும் என்பது. முல்லைத்தீவுக்கு மாங்குளத்தால் ஒட்டுசுட்டான் வழியாகவும் போகலாம், பரந்தனால் புதுக்குடியிருப்பு வழியாகவும் போகலாம். நாங்கள் இருக்கிற இடத்துக்கு ஒரே ரோட்டு. உனக்குக் காய்ச்சல் கொதித்த அந்த மாரி இரவில், பாலத்துக்கு மேலால் தண்ணி பாய, உன்னை மடியில் வைத்துக்கொண்டு ட்ரக்டரில் விடியும்வரை இருந்தேனே. கேய்லி வரைபில் அப்படியொரு கடைக்கோடி ஊரே கிடையாது பிள்ளை, எந்த ஊரில் நின்று பார்த்தாலும் படம் ஒன்றுதான். அதனால்தான், ஒரே துண்டாக இருக்கிற அப்படியான வரைபைப் பிரிக்க, ஓர் ஊரில் எத்தனை ரோட்டு சேருகிறதோ அத்தனை ரோட்டையாவது வெட்டவேண்டும் என்று மாடர் என்ற கணிதர் 1971 இல் நிறுவியிருக்கிறார். அதை வாசித்துவிட்டு எழும்பி முற்றத்தில் போய்க் கனநேரம் நின்றேன்.

ஆனால் ரோட்டை விட்டு ஊரையே எடுத்தால் கணக்கு வேறு. (ஊரை எடுப்பது என்று எழுதவே கை கூசுகிறது, உனக்குத் தெரியும்.) அதே மணிக்கூட்டில் 1, 5, 6 ஐக் கூட்டலாம், கழிக்கலாம் என்று வை. 6 ஐக் கூட்டினாலும் கழித்தாலும் ஒரே இடம் என்பதால் ஒவ்வோர் ஊருக்கும் ஐந்து ரோட்டு, ஆகவே ஐந்தை வெட்டினால்தான் பிரியும். ஆனால் 1, 5, 7, 11 என்ற நாலு ஊரை எடுத்தால் போதும், 12 உம் 6 உம் சோடியாக மற்ற ஊர்களை விட்டுத் தனித்துப் போகும், ஏனென்றால் ஒன்றுக்கொன்று அயல் என்பதை விட்டால் அந்த இரண்டுக்கும் அயல் அதே நாலு ஊர்தான். மூன்று ஊரோடு பிரியாது. ஓர் ஊரில் சேரும் ரோட்டு எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறைய ஊர் எடுத்துப் பிரிக்க முடியாது என்று 1970 இலேயே வாட்கின்ஸ் என்ற கணிதரும் மாடரும் காட்டிவிட்டார்கள். ஐந்துக்கு அது சரியாக நாலு!

உன்னுடைய கூட்டத்தில் பெருக்கும் வரிசை மாறினால் விடையும் மாறும் என்றாய். அதிலும் இப்படி ஒரே அயலுள்ள இரட்டை ஊர் வருகிறதா என்று முதலில் பார். படத்தைக் கீறி வாட்சப்பில் போடு, இரவில் சிக்னல் வரும் நேரம் பார்ப்பேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா