பிள்ளைங்க மட்டும் பாத்தா போதுமாடி

அன்பு தோழிக்கு,

உன் மெயில் வந்து பத்து நாள் ஆச்சு, இன்னைக்குத்தான் உக்காந்து பதில் எழுத நேரம் கிடைச்சுது, கோச்சுக்காத. உங்க அப்பா வாக்கர் புடிச்சு பாத்ரூம் வரைக்கும் நடக்க ஆரம்பிச்சுட்டார்னு படிச்சதும் அவ்ளோ சந்தோஷம், ஸ்ட்ரோக் வந்து மூணு மாசத்துல இது பெரிய விஷயம்டி, ஃபிசியோவை மட்டும் நடுவுல விட்டுடாதீங்க.

ஆனா கடைசியா ஒரு வரி எழுதியிருந்தியே, "வயசானவங்களை பெத்த பிள்ளைங்கதானே பாக்கணும், இதுல அரசாங்கம் என்ன பண்ணும்"னு, அது மனசுலயே நிக்குது. போன வருஷம் கேட்டிருந்தா நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். அம்மா இடுப்பு உடைஞ்சு படுத்ததுக்கு அப்புறம் என்னால அப்படி சொல்ல முடியல.

ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும், இல்லன்னா புண்ணு வந்துடும், ராத்திரியும் அதே கணக்குதான். முட்டியை மடக்கி, தோள்லயும் இடுப்புலயும் கை குடுத்து மெதுவா ஒருக்களிச்சு, முதுகுக்குப் பின்னால ஒரு தலகாணி, ரெண்டு முட்டிக்கும் நடுவுல ஒண்ணு. இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, வீடியோ பாத்து கத்துக்கறதுக்குள்ள குதிகால் செவந்து போச்சு, அன்னைக்கு ரொம்ப அழுதேன். அம்மாவுக்கு பென்ஷன் வருது, இல்லன்னு சொல்லல, ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு பென்ஷன் வந்து திருப்பிப் போடாதுல்ல? அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோட இருக்காங்கன்னு நேர்ல வந்து காட்டணும்னு எங்க பென்ஷன் ஆபீஸ்ல சொன்னாங்க. படுத்த படுக்கைன்னு சொன்னேன், "சேர்ல வெச்சு தூக்கிட்டு வாங்க"ன்னுட்டாங்க. தூக்கிட்டுத்தான் போனோம். படி இறங்கறப்போ அம்மா என் கழுத்தை கெட்டியா புடிச்சுக்கிட்டு கண்ணை மூடிக்கிட்டாங்க. ஒரு ஆள் வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போக பத்து நிமிஷம் ஆகியிருக்குமா சொல்லு.

அப்புறம் தூக்கம் வராத ராத்திரியில மத்த நாட்டுல எல்லாம் என்ன பண்றாங்கன்னு தேடித்தேடி படிச்சேன். ஜப்பான்ல 2000லேர்ந்து இதுக்குன்னே தனி இன்ஷூரன்ஸ் இருக்கு, 40 வயசு ஆனா எல்லாரும் பிரீமியம் கட்டணும், பாதி செலவு அந்தப் பணம், மீதிப் பாதி அரசாங்கத்தோட வரிப்பணம். வயசானவங்களுக்கு எவ்ளோ உதவி தேவைன்னு ஆள் வந்து பாத்து லெவல் போடறாங்க, அதுக்கு ஏத்த மாதிரி குளிப்பாட்ட, நர்ஸ் வர, பகல்ல கூட்டிட்டுப் போய் வெச்சு பாத்துக்கன்னு ஒரு ப்ளான், அதைப் போட்டுக் குடுக்கறதுக்கே தனியா ஒரு ஆள். பெரும்பாலானவங்க கையிலேர்ந்து கட்டறது 10 சதவீதம்தான். பிள்ளை இருக்கா இல்லையான்னு பாத்து அந்த லெவலைப் போடறதில்லடி, அம்மாவோட உடம்பு எப்படி இருக்குன்னுதான் பாக்கறாங்க. ஜெர்மனியில இந்த மாதிரி 1995லேயே வந்துடுச்சு, அங்க வீட்டுல பாத்துக்கற மகளுக்கோ மருமகளுக்கோ அவங்களோட பென்ஷன் கணக்குல கூட பணம் கட்டறாங்க, நாலு நாள் லீவு எடுத்தா மாத்து ஆளுக்கும் காசு வருது. நான் வேலையை விட்டு பதினாலு மாசம் ஆச்சு, அதைப் படிச்சப்போ எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாரு.

என்னைத் தூங்கவே விடாதது ஃபிரான்ஸ் கதைதான். 2003 ஆகஸ்ட்ல அடிச்ச வெயில்ல கிட்டத்தட்ட 15,000 பேர் செத்துட்டாங்க, முக்காவாசி வயசானவங்க, நிறைய பேர் தனியா வீட்டுல இருந்தவங்க, ஊரே லீவுல போயிருந்த நேரம். யாருமே வந்து வாங்காத உடம்புகளை அரசாங்கமே அடக்கம் பண்ணுச்சு, அப்போ அங்க பிரசிடெண்டா இருந்த சிராக் நேர்ல போய் நின்னார். பெத்த பிள்ளைங்க இருந்தவங்கதான் இதுல நிறைய பேர் இருந்திருப்பாங்க, இல்லையா? அதுக்கப்புறம்தான் சட்டம் போட்டாங்க, தனியா இருக்கற வயசானவங்க பேரை அந்தந்த ஊர் முனிசிபல் ஆபீஸ்ல எழுதி வெச்சுக்கலாம், வெயில் ஏறினா அங்கேர்ந்து போன் பண்ணி "தண்ணி குடிச்சீங்களா, நல்லா இருக்கீங்களா"ன்னு கேப்பாங்க. வேலைக்குப் போறவங்க வருஷத்துல ஒரு நாள் சம்பளம் இல்லாம கூடுதலா வேலை செய்யறாங்க, அதுக்கு கம்பெனிங்க கட்டற பணம் வயசானவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் போகுது. இவ்ளோ பேர் சாகறதுக்கு முன்னாடி அந்த போன் வந்திருக்கக் கூடாதா?

இன்னொண்ணு, பிள்ளைங்கதான் பாக்கணும்னு விட்டுட்டா பிள்ளையே இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க? பெத்த பிள்ளையே சொத்துக்கு கையெழுத்து வாங்கிட்டு வீட்டுக்குள்ள ஒரு ரூம்ல போட்டு பூட்டி வெச்சிருந்தா அந்த அம்மா யார்கிட்ட போய் சொல்லும்? கதவைத் தட்டிக் கேக்க சட்டமும் ஆளும் உள்ள ஒருத்தர் வேணும், அது பக்கத்து வீட்டுக்காரங்க வேலை இல்ல. நான் அம்மாவை யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன், அது உனக்கே தெரியும். வாரத்துல ரெண்டு நாள், டிரெயினிங் எடுத்த ஒருத்தர் வந்து என்கூட அந்தப் பக்கம் புடிச்சா போதும்னுதான் கேக்கறேன். அதை தர்மமா குடுக்க வேணாம், வேலை செஞ்ச காலம் பூரா அம்மா வரி கட்டினவங்கதானே.

நீ உங்க அப்பாவை ராத்திரி எழுப்பறியா, இல்ல அவரா திரும்பிக்கறாரா? இந்தத் தடவை அதை எழுது, உன் முதுகுவலி என்னாச்சுன்னும் எழுது, போன மெயில்ல அதைப் பத்தி ஒண்ணுமே இல்ல. அலாரம் அடிக்குது, அம்மாவை இடது பக்கம் போடணும், போறேன்.

உன் பழைய பெஞ்ச்மேட்