இரண்டாம் பருவ நிறைவும் பிள்ளைகள் செய்யும் அட்டைகளும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் முடிவுக்கு வந்துவிட்டது. தேர்வுகள் குறித்த நாட்களில் நடந்தன. தேர்ச்சி அறிக்கை அடுத்த வாரம் வீட்டுக்கு வரும். அறிவியல் கண்காட்சியில் எல்லா வகுப்புகளும் கலந்துகொண்டன. விளையாட்டு விழாவில் ஓடிய எல்லாப் பிள்ளைகளுக்கும் பாராட்டுகள். நூலகப் புத்தகங்கள் சில இன்னும் திரும்பவில்லை, பையில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

வழக்கமாக இதையெல்லாம் விரிவாக எழுதுவேன். இந்த முறை மனம் அதில் நிற்கவில்லை. அந்த விபத்து நடந்து மூன்று வாரம் ஆகிறது. நம் பிள்ளைகளில் இரண்டு பேர் இப்போது இல்லை. வருகைப் பதிவில் அந்தப் பெயர்கள் வரும் இடத்தில் வகுப்பாசிரியர்களுக்கு இன்னமும் குரல் தடுக்கிறது.

இரண்டாவது வாரத்தில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளே வந்து கேட்டார்கள், "அவங்க வீட்டுக்கு நாங்க ஏதாவது செஞ்சு கொடுக்கலாமா?" என்று. சார்ட் பேப்பர், கிரையான், பசை எல்லாம் எடுத்துக் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை மணி அடிக்கும்போது பலருடைய அட்டை முடியவில்லை. சரி, வீட்டில் முடித்து எடுத்து வாருங்கள் என்று அனுப்பினோம். அனுப்பியது என் முடிவுதான். ஆனால் திங்கட்கிழமை வந்தவற்றில் பாதிக்கு மேல் வேறு அட்டைகளாக இருந்தன.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை அதில் நீலக் கிரையானில் ஒரு பெஞ்ச் இருந்தது. பெஞ்சின் ஒரு ஓரத்தில் ஒரு சிறுமி, மறு ஓரம் காலி. உள்ளே, "உன் ரப்பர் என்கிட்டதான் இருக்கு. பத்தரமா வச்சிருக்கேன்." திங்கட்கிழமை அந்த பெஞ்சின் மேல் பிரின்ட் எடுத்த ரோஜாப்பூ ஒட்டியிருந்தது. ரப்பர் பற்றிய வரி அழிக்கப்பட்டு, அழகான பெரியவர் கையெழுத்தில் "ஈடுசெய்ய முடியாத இழப்பு. ஆழ்ந்த இரங்கல்." வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ரோஜாவுக்குப் பின்னால் பெஞ்ச் மங்கலாகத் தெரிகிறது.

நல்ல மனதோடுதான் செய்தீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எழுத்துப் பிழை அந்தத் தாயை நோகச் செய்துவிடுமோ, காலி பெஞ்ச் அழ வைத்துவிடுமோ என்று பயந்திருப்பீர்கள். பெற்றவர்களுக்கு வரக்கூடிய பயம்தான் அது. ஆனால் "ஆழ்ந்த இரங்கல்" என்ற சொல்லை அந்த அம்மா இந்த மூன்று வாரத்தில் எத்தனை பேரிடம் கேட்டிருப்பார்! தன் மகளின் ரப்பர் ஒரு தோழியின் பையில் பத்திரமாக இருக்கும் செய்தியைச் சொல்ல அந்த ஒரு பிள்ளையால்தான் முடியும்.

அட்டை செய்வது வாங்குகிறவர்களுக்காக மட்டும் இல்லை. ஐந்து, ஆறு வயதில் பல பிள்ளைகளுக்கு இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்பது முழுசாகப் பிடிபடாது. எத்தனை முறை சொன்னாலும் மறுபடி கேட்பார்கள். "தூங்குகிறான்", "ஊருக்குப் போயிருக்கிறாள்" என்று சொல்லிவிடாதீர்கள். அப்புறம் தூங்கவே பயப்படுவார்கள், அல்லது வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். "இறந்துவிட்டான், உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது" என்று மெதுவாகச் சொல்லுங்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகளிடம் வேறொரு பாரம் இருக்கும்: தான் சண்டை போட்டதால்தான் இப்படி நடந்ததோ என்ற எண்ணம். நேரே கேட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள். கை ஒரு வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கும். காகிதம் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பையன் தலையை நிமிர்த்தாமலே, "அன்னைக்கு நான் அவன்கூடப் பேசவே இல்ல" என்றான். ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து, நீ பேசாததால் எதுவும் நடக்கவில்லை என்று சொன்னார். அவன் ஒன்றும் பதில் சொல்லாமல் வெட்டிக்கொண்டே இருந்தான். பத்து நிமிடம் கழித்து விளையாட ஓடிவிட்டான். அதையும் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளின் துக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்து போகும்.

மேல் வகுப்புகளுக்கு இந்த வாரம் சடாகோ சசாகி என்ற ஜப்பானியச் சிறுமியைப் பற்றிச் சொன்னேன். 1945இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அவளுக்கு 2 வயது. 1955இல், 12 வயதில், ரத்தப் புற்றுநோயால் இறந்தாள். மருத்துவமனையில் இருந்தபோது, குணமாக வேண்டும் என்ற ஆசையில், மருந்து சுற்றிய காகிதத்தில்கூடக் கொக்கு மடித்தவள். அவளோடு படித்த பிள்ளைகள் அழுததோடு நிற்காமல் நிதி திரட்ட ஆரம்பித்தார்கள். 1958இல் அங்கே குழந்தைகளுக்கான அமைதி நினைவுச் சின்னம் எழுந்தது. இன்றும் உலகம் முழுவதிலும் இருந்து காகிதக் கொக்குகள் அங்கே போய்ச் சேர்கின்றன. கோணலாக மடித்தவையும் அதில் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சில அட்டைகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறீர்கள். இறந்த பிள்ளையின் பெயரும் அதில் இருந்தது. அட்டை கையில் கிடைப்பதற்கு முன்பே அந்தத் தாயின் ஃபோனுக்கு அது போய்விட்டது. இது தவறு. இன்றே நீக்கிவிடுங்கள். விபத்து நடந்த இடத்தின் வீடியோவையும் நீக்குங்கள். உங்கள் ஃபோனைப் பிள்ளைகள்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். வகுப்புக் குழுக்களில் இனி யார் அதைப் பகிர்ந்தாலும், காரணம் கேட்காமல் குழுவில் இருந்து எடுத்துவிடுவேன்.

கடுமையாகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்களுக்கும் இது துக்கம்தான் என்று தெரியும். "சார்ட்டில் என் மகன் வரைந்ததைப் பார்க்க என்னால் முடியவில்லை, அதனால்தான் மாற்றினேன்" என்று ஒரு தந்தை வந்து சொன்னார். அவரும் நானும் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

இன்று எல்லோருக்கும் புது சார்ட் பேப்பர் கொடுத்திருக்கிறோம். செய்ய விரும்பாத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். செய்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருங்கள், பென்சில் சீவிக் கொடுங்கள், கேட்டால் மட்டும் எழுத்து சொல்லுங்கள். என்ன எழுதுவது என்று கேட்டால், அவனைப் பற்றி உனக்கு ஞாபகம் வருவது எது என்று திருப்பிக் கேளுங்கள். பெயரை எழுதச் சொல்லுங்கள். "அழாதீங்க", "எல்லாம் சரியாகிவிடும்" என்பவை வேண்டாம். ஜிகினாவும் வேண்டாம், கையெல்லாம் ஒட்டும். முடிந்தாலும் முடியாவிட்டாலும் புதன்கிழமை கொடுத்து அனுப்புங்கள். ரோஜா ஒட்டியிருந்த அட்டைக்காரி பெஞ்சை ஏற்கெனவே மறுபடி வரைந்துவிட்டாள்.

இந்த மூன்று வாரமும் பிள்ளைகளைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து, அந்த இரண்டு வீடுகளிலும் இரவு பகலாகத் துணைக்கு இருந்து, ஆசிரியர்களிடம் "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்" என்று விசாரித்த உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒரு குடும்பம் அட்டைகளை இப்போதே வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறது. வகுப்பாசிரியரும் நானும் நேரில் கொண்டுபோய்க் கொடுப்போம். இன்னொரு வீட்டில் இப்போது வேண்டாம் என்றார்கள். அவர்களுக்கான அட்டைகளை ஒரு பெட்டியில் போட்டு என் அறையில் வைத்திருப்பேன். அவர்கள் எப்போது கேட்டாலும் அங்கேயே இருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்