பொறுமை இல்லையா, ரோஸ்டர் சரியில்லையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஹோட்டல் வேலைக்கு ஆள் கிடைக்காதது பற்றி சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அதில் பேசியிருக்கும் நிர்வாகிகள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பாட்டைத்தான் பாடியிருக்கிறார்கள். படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்குத் திறமை போதவில்லையாம், பொறுமை அறவே கிடையாதாம், ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிப்பதில்லையாம். படித்ததும் கோபம் வந்தது. கட்டுரையாளர் மேல் கொஞ்சம், என் மேல் நிறைய. விருந்தோம்பல் துறையின் பயிற்சியையும் வேலைவாய்ப்பையும் ஆராய்வதில் 31 ஆண்டுகள் போயின எனக்கு. அதில் முதல் பத்து ஆண்டுகள் இதே பாட்டுக்கு அட்டவணை போட்டுக் கொடுத்தவள் நான்.

அப்போது நான் செய்தது இதுதான். கேள்வித்தாள் ஒன்றைத் தயாரிப்பேன். பொது மேலாளர்களுக்கும் மனிதவள அதிகாரிகளுக்கும் அனுப்புவேன். 'புதிதாகச் சேருபவர்களிடம் எந்தத் திறமை குறைகிறது?' என்பதுதான் முக்கியக் கேள்வி. பேச்சுத்திறன், தோற்றம், மனப்பான்மை என்று பதில் வரும். நானும் என் சகாக்களும் அதைத் தொகுத்து, பாடத்திட்டத்தில் இன்னும் நாற்பது மணி நேரம் சேர்க்கச் சொல்லிப் பரிந்துரைப்போம். சேர்ப்பார்கள். மறு வருஷமும் பிள்ளைகள் வேலையை விட்டுப் போவார்கள். நாங்கள் மறுபடி கேள்வித்தாள் அனுப்புவோம். இதற்கிடையில் எனக்குப் பதவி உயர்வும் வந்துவிட்டது. போனவர்களை யாரும் கேட்கவில்லை என்பது அத்தனை காலமும் எனக்கு உறைக்கவே இல்லை.

உறைத்தது தற்செயலாகத்தான். அலமாரியை ஒழிக்கும்போது பழைய வருகைப் பதிவேடு ஒன்று கையில் சிக்கியது. அதிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து போன் செய்ய ஆரம்பித்தேன். ஹவுஸ்கீப்பிங் வகுப்பில் எல்லோரையும்விட நேர்த்தியாக மெத்தை விரிப்பின் மூலையை மடித்துச் செருகுகிற பெண் ஒருத்தி இருந்தாள். அவள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். 'வேலை பிடிக்காம வரல மேடம். இன்னைக்கு எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவேன்னு ஒரு நாள்கூட என்னால சொல்ல முடியல, அவ்வளவுதான்' என்றாள். சமையலறைக்குப் போன ஒரு பையன், பயிற்சிக் காலம் முழுவதும் வெங்காயம் உரித்ததையும் பாத்திரம் சுமந்ததையும் சொல்லிச் சிரித்தான். கையெழுத்து போட்டுக் கொடுத்த பயிற்சி ஏட்டில் மட்டும் எல்லாப் பிரிவும் கற்றுத் தேர்ந்ததாக இருந்ததாம். அந்த ஏட்டுக்கு மதிப்பெண் போட்டவள் நான்தான் என்பதை அவன் நாகரிகமாகச் சொல்லாமல் விட்டான்.

அதற்கப்புறம் என் ஆராய்ச்சி திறமையிலிருந்து நேரத்துக்கு மாறியது. உங்கள் கட்டுரை தொடாத இடமும் அதுதான். பிரேக் ஷிஃப்ட் என்று ஒன்று உண்டு. காலை ஏழிலிருந்து பதினொன்று வரை வேலை. மறுபடி மாலை ஆறிலிருந்து இரவு பதினொன்று வரை. காகிதத்தில் ஒன்பது மணி நேரம்தான். நடுவில் கிடக்கும் ஏழு மணி நேரம் யாருடையது? வீட்டுக்குப் போய்த் திரும்பினால் பயணத்திலேயே பாதி போய்விடும். போகாவிட்டால் லாக்கர் அறை பெஞ்சில் சுருண்டு படுக்க வேண்டியதுதான். இது போதாதென்று அடுத்த வார ரோஸ்டரை, அதாவது யாருக்கு எந்த நேரம் வேலை என்ற அட்டவணையை, ஞாயிறு இரவு ஒட்டுவார்கள். தங்கையின் கல்யாணத்துக்கு லீவு கிடைக்குமா என்பதே முதல் நாள் இரவுதான் தெரியும் என்றால், அந்தப் பிள்ளையிடம் எந்தப் பொறுமையை எதிர்பார்ப்பது?

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஹோட்டல், உணவகத் தொழிலாளர்களுக்கென்றே 1991-இல் 172-ஆம் எண் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. தொழிலாளர்கள் தங்கள் குடும்ப வாழ்க்கையைத் திட்டமிட்டுக்கொள்ளும் அளவுக்கு, முடிந்தவரை வேலை நேரத்தை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. டிப்ஸ் எவ்வளவு கிடைத்தாலும் அடிப்படைச் சம்பளம் ஒழுங்காக வந்தாக வேண்டும் என்கிறது. வேலையை விலைக்கு விற்பதும் வாங்குவதும் கூடாது என்றுகூட ஒரு பிரிவு. அப்படி ஒரு பிரிவு தேவைப்பட்டிருக்கிறது, பாருங்கள். இத்தனை ஆண்டுகளில் இதை ஏற்ற நாடுகள் இருபதைக்கூடத் தொடவில்லை.

ஆளைத் திருத்துவதா, ஏற்பாட்டைத் திருத்துவதா என்ற கேள்வி பழையது. 1940-களில் வில்லியம் ஃபுட் வைட் என்ற சமூகவியலாளர் சிகாகோ உணவகங்களுக்குள் புகுந்து பார்த்தார். பரிமாறும் பெண்கள் வாய்விட்டு ஆர்டர் சொல்ல, சமையற்காரர்கள் எரிந்து விழுந்தார்கள். இவள் யார் எனக்கு உத்தரவு போட என்ற எரிச்சல். ஆர்டர் சீட்டைக் குத்தி வைக்க ஒரு கம்பியை வைத்த இடங்களில் இந்த உரசல் குறைந்தது. சீட்டை எடுக்கும் வரிசையைச் சமையற்காரரே பார்த்துக்கொண்டார். என் பழைய மூளையாக இருந்தால் பரிமாறுபவர்களுக்கு 'இனிமையாகப் பேசுவது எப்படி' என்று பத்து வகுப்பு வைத்திருக்கும்!

இனிமை என்றதும் ஞாபகம் வருகிறது. விமானப் பணிப்பெண்களின் பயிற்சியை நேரில் கவனித்த சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட், சிரிப்பதும் கோபத்தை விழுங்குவதும்கூடச் சம்பளத்துக்குச் செய்கிற உழைப்புதான் என்று 1983-இலேயே எழுதிவிட்டார். இதை முதல் வருஷ வகுப்பில் சொல்லிக் கொடுப்போம். தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி. வேலைக்குப் போன இடத்தில் அந்த உழைப்புக்குப் பெயர் 'ஆட்டிட்யூட்'.

சரி, இத்தனை தெரிந்தும் ஆராய்ச்சியாளர்கள் ஏன் பயிற்சியையே சுற்றிச் சுற்றி வருகிறோம்? ஒரு காரணம் எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே பட்டேன். பயிற்சி பற்றி ஆராய வேண்டும் என்று கேட்டால் ஹோட்டல்கள் கதவைத் திறந்து, உட்காரவைத்து, காபியும் கொடுக்கும். மிகைநேரப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்றால், தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்பார்கள். ஒரு பெரிய ஹோட்டலிலிருந்து அந்தப் பதில் எனக்கு இன்றுவரை வரவில்லை. நான் ஓய்வே பெற்றுவிட்டேன். எந்தக் கதவு திறக்கிறதோ அந்த அறையைப் பற்றித்தான் ஆராய்ச்சி எழுதப்படுகிறது. விருந்தோம்பல் துறையின் மனிதவளத்தை நெடுங்காலம் ஆராய்ந்த டாம் பாம், மாற்றம் வரும் என்று இன்னும் காத்திருக்கிறோம் என்ற பொருளில் 2007-இல் ஒரு கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார். 2015-இல் மறுபடி எழுதும்போதும் அதே தலைப்புதான். கூடவே ஒரு கேள்விக்குறியைச் சேர்த்தார். எங்கள் துறையின் மொத்த வரலாறும் அந்தக் கேள்விக்குறிக்குள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

எல்லா ஹோட்டலும் அப்படி என்று நான் சொல்லவில்லை. இரண்டு வார ரோஸ்டரை முன்கூட்டியே ஒட்டுகிற இடத்தையும் பார்த்திருக்கிறேன். அங்கே ஹவுஸ்கீப்பிங் பொறுப்பில் இருந்தவள் என் பழைய மாணவி. 'இதை நம்ம வகுப்பிலா கற்றுக்கொண்டாய்?' என்று ஆசையாகக் கேட்டேன். 'இல்லை மேடம், டிரெய்னியாக இருந்தபோது லாக்கர் அறையில் கற்றுக்கொண்டேன்' என்றாள்.

உங்கள் நிருபர் இந்தக் கட்டுரையின் அடுத்த பகுதியை எழுதுவதாக இருந்தால் எனக்கு இரண்டு வேண்டுகோள். வேலையை விட்டுப் போனவர்கள் நாலு பேரையாவது தேடிப் பிடித்துப் பேசச் சொல்லுங்கள். கல்லூரிகளிடம், வேலை உத்தரவு வாங்கிய நாளின் கணக்கை வாங்காமல், மூன்று வருஷம் கழித்து அதே வேலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். முதல் கணக்கைத் தட்டி போட்டு வாசலில் மாட்டியிருப்பார்கள். இரண்டாவதை நான் வேலை பார்த்த காலம் முழுவதும் என் துறையிலும் எடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பேராசிரியை ஒருவர்