கைவிட்ட வயலும் காட்டு மிருகங்களும்

ஆசிரியருக்கு வணக்கம். விவசாயம் நின்னுபோன நிலம் வீணாப் போச்சுன்னுதான் நினைக்கறாங்க, ஆனா பக்கத்துல காடு இருந்தா கொஞ்ச வருஷத்துல புதர் மண்டி மான், பன்னி ஒதுங்க ஆரம்பிச்சு அதுங்க பின்னாடியே வேட்டை மிருகமும் வந்துடும். 1986 அணு உலை விபத்துக்கப்புறம் உக்ரைன் நாட்டு செர்னோபில்ல ஜனங்க விட்டுட்டுப் போன வயல்ல இன்னிக்கு ஓநாய் திரியுது, 1998ல கொண்டுவிட்ட பிரஸ்வால்ஸ்கிங்கற காட்டுக் குதிரைங்களும் அங்கயே குட்டி போட்டு பெருகிருக்கு. அதுக்காக நிலத்தை சும்மா விட்டா போதும்னு சொல்லிட முடியாது சார். துருப்பிடிச்ச முள்கம்பியும் புல் மூடின பாழுங்கிணறும் அப்படியே கிடக்கு, ராத்திரி ஓடி வர்ற மிருகத்துக்கு அது தெரியவே தெரியாது. திறந்த புல்வெளிலயே வாழற மிருகத்துக்கோ புதர் அடைச்சுட்டா மேய்ச்சலே போச்சு. முதல்ல கம்பியை எடுங்க, கிணத்தை மூடுங்க, துண்டு துண்டா கிடக்கற நிலத்தை காட்டோட சேர்த்து வழி விடுங்க.